ஜெயசீலியின் சாட்சியம்

மேல்முறையீட்டு வழக்குகளில் சாட்சியங்கள் நேரில் வந்து உட்காருவது எங்கள் உயர் நீதிமன்றத்தில் வழக்கம். கீழ் நீதிமன்றத்திலிருந்து கோப்புகளோடு பேருந்தில் வந்து இறங்கும். அவற்றைக் கூட்டிப்போய் உட்கார வைப்பது பதிவறை எழுத்தரான என் வேலை.

ஜெயசீலியின் சாட்சியம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. ஏழு வருடங்களுக்கு முன்பு, பத்தொன்பது வயதில், அவள் கூண்டில் நின்றபோது இருந்தபடியே இருந்தது. பச்சைச் சுடிதார், உலர்ந்த உதடு. நூற்பாலைப் பஞ்சுக் கிடங்கில் சூப்பர்வைசர் தனக்குச் செய்ததை அவள் அன்று சொல்லியிருந்தாள். அவனுக்குப் பத்து வருடத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே இருந்தான்.

இருபத்தாறு வயது ஜெயசீலியும் வந்திருந்தாள். தையல் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தாளாம். இருவரையும் நீதிமன்ற அறையில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"அன்னைக்குச் சாப்பிடலக்கா" என்றது சாட்சியம்.

"நான் பேசலாமா சார்?" என்று என்னிடம் கேட்டாள்.

"இங்க அது மட்டும்தாம்மா பேசலாம். அன்னைக்குச் சொன்னதுக்கு மேல எதுவும் சேர்க்க முடியாது."

நீதிபதிகள் நம்பாத சாட்சியங்கள் உட்கார்ந்த இடத்திலேயே மெலிந்துவிடும். போன மாதம் ஒன்றைத் தபால் உறையில் போட்டு ஊருக்கு அனுப்பிவைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

சூப்பர்வைசரின் வக்கீல் எழுந்தார். "கிடங்குக் கதவு தாழிட்டிருந்ததாகப் போலீஸில் சொல்லியிருக்கிறாய். பூட்டியிருந்ததாக நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறாய். எது சரி?"

"என்னால திறக்க முடியல."

"புகார் கொடுக்கப் பதினோரு நாள் ஏன்?"

"அம்மாகிட்டச் சொல்லவே ஒம்பது நாள் ஆச்சு."

அதே கேள்விகளை மூன்று விதமாகக் கேட்டார். அதே பதில்கள் வந்தன. சாட்சியத்தின் விரல் நுனிகள் வெளுத்து, பின்னாலிருந்த மேசை அவற்றினூடே தெரியத் தொடங்கியது. ஜெயசீலி வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

மூத்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "தாழ்ப்பாளா பூட்டா என்பது கதவைப் பற்றிய சந்தேகம். இந்தப் பெண் கதவின் மேல் புகார் கொடுக்கவில்லை. இவர் சொல்வது நம்பும்படி இருக்கிறது. வேறு துணைச் சான்று தேவையில்லை. தண்டனை உறுதி செய்யப்படுகிறது."

விரல்களுக்கு மெல்ல நிறம் திரும்பியது.

தாழ்வாரத்தில் சாட்சியம் கேட்டது: "இனி யாருக்காவது சொல்லணுமாக்கா?"

"தேவைப்பட்டா நான் சொல்லிக்கிறேன். நீ தூங்கு."

அது அவள் மடியில் தலைவைத்து உடனே தூங்கிப்போனது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சற்று நேரத்தில் தட்டச்சு அறையிலிருந்து தீர்ப்பு வெளியே வந்தது. முப்பத்தெட்டுப் பக்கம், நல்ல உயரம். சூப்பர்வைசரைச் சிறைக்குக் கூட்டிப்போக வேண்டும், அவன் ஊருக்கு எந்த பஸ் என்று கேட்டது. சொன்னேன். வெயிலில் தார் சுடும் என்று என் செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு படியிறங்கியது.