எலிவால் நாரில் தண்ணீர்

மவுரீன் அப்பாவின் முழங்கால்களை இரண்டு கைகளாலும் அழுத்தினாள். பாதி இறங்கின. கையைத் தளர்த்தியதும் மறுபடி எழும்பின. சாய்வு நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றிய பிறகும் ஹியூபர்ட் உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தார்.

"சுடுதண்ணி ஒத்தடம் குடுப்போமா பாப்பா?" என்றாள் தொழிலாளர் லயத்திலிருந்து உதவிக்கு வந்திருந்த சின்னத்தாய்.

"வேணாங்க்கா. அழுத்திப் பிடிச்சாப் போதும். கட்டுறதுக்குத் துணி கிழிச்சிட்டு வாங்க."

சின்னத்தாய் உடனே போகவில்லை. சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்த ஜெனவீவைப் பார்த்தாள். "அழுவாத கண்ணு. சீமையில படிச்ச மக பேசப் பேச, கேட்டுக்கிட்டே கண்ண மூடிட்டாரு. யாருக்கு வாய்க்கும் இப்படி?"

மவுரீன் முழங்கால்களை மறுபடி அழுத்தினாள்.

ஹியூபர்ட் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கும் டிரஸ்ஸராக இருந்தவர். மவுரீனின் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை முடிவு வந்த மாதம் பக்கவாதத்தில் விழுந்தார். கான்வென்ட்டில் உயிரியலில் அவள்தான் முதல். 'வீட்டுல யாராச்சும் இருக்கணும்லா' என்றார்கள் உறவுக்காரர்கள். அந்த யாராச்சும் அவளாகிப்போனாள். பிறகு தங்கை ஜெனவீவ் உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினாள்.

போன வாரம்தான் திரும்பி வந்தாள். கம்யூனிஸ்ட் கலகத்துக்காகப் போட்ட அவசரகாலம் முடியப்போகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து முள்வேலியும் கேட்டில் சோதனையும் மட்டும் அப்படியே இருந்தன. காவல்காரன் அவள் பெட்டியைக் கிளறி, ஒரு கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, என்ன மருந்து என்று கேட்டான். எலிவால் நார் என்று சொல்லிவிட்டாள். லயம் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் கோணிய வாயால் சிரித்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "ஜெனி... காந்தம்... தண்ணி..." என்று திக்கித் திக்கிச் சொன்னார். மவுரீனைப் பற்றி அவர் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. காற்றைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

அப்பா காலைக் கஞ்சிக்குப் பிறகு தேநீர் வரை எதுவும் சாப்பிடுவதில்லை. இன்று மற்றவர்கள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஜெனவீவ் முன்வாசல் அஞ்சடியில் அவர் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்த மவுரீனுக்கு எல்லாம் கேட்டது.

"மாட்டுக்கால் சூப்பு ஆறினா பிசுபிசுன்னு ஒட்டுமேப்பா, அதுக்குக் காரணம் கொலாஜன். எலிவால் நார் பூரா அதுதான். அதைப் பெரிய காந்தத்துக்கு நடுவுல வச்சு ரேடியோ அலையை விட்டா, நாருக்குள்ள இருக்கிற தண்ணிகிட்டருந்து ஒரு பதில் வரும். நாரைக் கொஞ்சம் திருப்பி வச்சா அந்தப் பதில் மாறுதுப்பா! சும்மா ஊறிக் கிடக்கிற தண்ணின்னா மாறாது. அப்ப அது நாரைப் பிடிச்சுக்கிட்டு, நார் போற போக்குலயே வரிசையா நிக்குதுன்னுதானே அர்த்தம்?"

மவுரீனுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அதுதான் பொறுக்கவில்லை. நாரை நன்றாகக் காயவைத்தால் அந்தத் தண்ணீர் போய்விடுமா, நிற்குமா என்று கேட்க நாக்கு துடித்தது. சட்டியை இன்னும் அழுத்தித் தேய்த்தாள். தேநீர் வேளை வரைக்கும் அஞ்சடிப் பக்கமே போகவில்லை.

தேநீரோடு போனபோது அப்பா வழக்கம்போல அரைக்கண் திறந்து சாய்ந்திருந்தார். "இன்னும் பாதிகூட சொல்லலக்கா" என்றாள் ஜெனவீவ். மவுரீன் கரண்டியை அவர் உதட்டில் வைத்தாள். தாடை அசையவில்லை. விரல்களை விரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பள்ளி விடுமுறைகளில் ஆஸ்பத்திரியில் அப்பாவோடு நின்று எத்தனையோ உடல்களைக் கழுவியவள் அவள். முழங்கால் வரை விறைப்பு இறங்க எவ்வளவு நேரமாகும் என்பது அவளுக்குத் தெரியும். ஜெனவீவ் முக்காலியைப் போடுவதற்கு முன்பே அவர் போய்விட்டிருந்தார். காலையில் கஞ்சி ஊட்டிய மவுரீனிடம்தான் கடைசியாகப் பேசியிருக்கிறார்.

"ஜெனி... எங்க?" என்று கேட்டார்.

ஜெனவீவ் கிணற்றடியில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

"தூங்குறாப்பா" என்று சொல்லி மவுரீன் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

இப்போது ஜெனவீவ் கட்டிலருகே வந்தாள். "அக்கா, எப்ப போனாருன்னே எனக்குத் தெரியலக்கா. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்துட்டேன். கொஞ்சமாச்சும் கேட்டிருப்பாருல்ல?"

ஒரு வாக்கியம் போதும். மகள் பேச்சைக் கேட்டுக்கொண்டே போன அப்பா இந்த வீட்டில் இல்லாமல் போய்விடுவார். ஆனால் அதைச் சொன்னால் காலையில் அப்பாவிடம் சொன்னதையும் சொல்ல வேண்டும்.

"சின்னத்தாயக்கா போயி எவ்வளவு நேரமாச்சு? துணி எங்கன்னு பாரு" என்றாள்.

ஜெனவீவ் நகர்வதற்குள் அஞ்சடியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆபீஸ் கிராணி வீட்டார், கோலசிலாங்கூர் சர்ச்சிலிருந்து சாமியார், லயத்துப் பெண்கள். எல்லோருக்கும் முன்னால் சின்னத்தாயின் குரல் வந்தது: "மக பேசப் பேச, அப்படியே சாமி..."

சாமியார் நேராக ஜெனவீவிடம் போய் அவள் தலைமேல் கைவைத்தார். கிராணியம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மவுரீன் எழுந்து நிற்க நினைத்தாள். கையை எடுத்தால் முழங்கால்கள் எழும்பிவிடும்.

துணி இன்னும் வரவில்லை. அவள் குனிந்தபடியே அழுத்திக்கொண்டிருந்தாள்.