இந்தக் குழந்தையை விட்டுடலாம்

பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருப்பவளுக்கு, எதிரே நிற்பவர் முழிக்கிற முழியிலேயே விஷயம் பிடிபட்டுவிடும். மகனின் சொத்தைப் பற்களுக்காக மருத்துவமனைக்கு வந்த அன்றும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

"வாய்க்குள்ள வேலை இருக்கு. அதனால மூச்சுக்கான குழாயை மூக்கு வழியா விடுவோம்," என்றாள் மயக்க மருந்து கொடுக்கும் இளம் டாக்டர். "தொண்டைக்குள்ள பார்க்க ரெண்டு கருவி இருக்கு. ஒண்ணுல கண்ணால நேரா பார்ப்போம். இன்னொண்ணுல நுனியில கேமரா, திரையில தெரியும். குழந்தைங்களுக்கு எது தோதுன்னு ஒரு ஆய்வு நடத்துறோம். எதுன்னு சீட்டுதான் முடிவு பண்ணும். நீங்க சம்மதிச்சா மட்டும்."

"சீட்டுக் குலுக்க என் பையன் என்ன பரிசுப் பொருளா?"

"இவளுக்கு எல்லாருமே டிக்கெட் எடுக்காத ஆளுங்கதான் டாக்டர்," என்று கணவன் நெளிந்தான்.

டாக்டர் சிரித்தாள். "ரெண்டுமே தினமும் கையாள்றதுதாம்மா. ஒண்ணு சரிப்படலன்னா அடுத்த நிமிஷமே மாத்திடுவேன். யாரையும் கேட்டுட்டு நிக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள். சீட்டில் கேமரா விழுந்தது. திரையில் பெரிதாகத் தெரியுமே என்று கொஞ்சம் ஆசுவாசமாக இருந்தது.

சிகிச்சை முடிந்து வெளியே வந்த நர்ஸ், "முழிக்கட்டும், கூப்பிடுறோம்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நழுவினாள். அம்மாவுக்குச் சுருக்கென்றது. கதவருகே போய்க் காதைத் தீட்டினாள்.

உள்ளே ஓர் ஆண் குரல். "இந்தக் குழந்தையை விட்டுடலாம்மா. சேர்த்தா மொத்தமும் கெட்டுடும்."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். டாக்டரும், தலை நரைத்த மயக்க மருந்துத் துறைத் தலைவரும் திரும்பினார்கள்.

"என் பையனுக்கு என்ன ஆச்சு? எதை மறைக்கிறீங்க?"

"பையன் நல்லா இருக்கான்," என்றாள் டாக்டர். "குழாய் போறப்ப மூக்குல ரத்தம் கசிஞ்சுது. கேமராவுல பட்டுத் திரை மங்கிப்போச்சு. துடைச்சும் தெளியல. உடனே கண்ணால நேரா பார்க்குற கருவிக்கு மாறினேன், குழாய் சுலபமா இறங்கிடுச்சு. மூச்சுக்கு ஒரு குறையும் இல்ல."

"அப்ப எதை விட்டுடச் சொல்றாரு?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "அது வந்து... ஆய்வுக் கணக்குல இருந்து..."

"கேமராவை வாங்க வச்சதே சார்தான்," என்றாள் டாக்டர் மெதுவாக. "அது தோத்ததையும் எழுதத்தான் வேணும். சீட்டுல விழுந்தது அதுதானே, நடுவுல மாத்தினாலும் இவன் கேமரா கணக்குலதான் வரணும்."

அவர் வெளியேறினார்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்கள். மகன் விழித்திருந்தான். மூக்கோரம் காய்ந்த ரத்தம், கரகரத்த குரல். "என் பல்லை யாரும்மா எடுத்தா?" அவள் கைப்பேசி வெளிச்சத்தில் அவன் மூக்கைப் பார்த்தாள், மார்பில் காது வைத்துக் கேட்டாள். பிறகும் மனசு ஆறவில்லை.

"இப்பவாச்சும் நம்பிக்கை வந்துச்சா?" என்றான் கணவன்.

"அந்தப் பொண்ணு மேல வந்திருக்கு. பெரியவர் மேல இல்ல."

கிளம்புமுன் டாக்டரைத் தேடிப் போனாள். "நிஜமாவே எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன். பார்க்கணுமா?"

"காட்டுங்க," என்றாள், கொஞ்சமும் கூச்சப்படாமல்.