பாதியில் நின்ற வகுப்பு

யூத வழக்கப்படி மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகில் அள்ளிய மண்ணைத் தீனா குழிக்குள் போட்டாள். அப்பாவின் பெட்டிப் பலகையில் அது தொம்மென்று விழுந்தது. மண்வெட்டியை மேட்டில் குத்திவிட்டு நகர்ந்தாள்.

பென்னோ ஃப்ராங்க்ஃபர்ட் பள்ளிகளில் வாத்தியார்களுக்கே வகுப்பெடுத்தவர். 'யூதன்' என்று ஒரு பையன் இன்னொருவனைத் திட்டினால், அதைக் காதில் வாங்காதமாதிரி போகாமல் என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். கடைசியாகப் போனது பேரன், தீனாவின் மகன் யோனாஸின் பள்ளிக்கு. அங்கே யோனாஸின் வகுப்பாசிரியர் ஹார்ட்முட், "பசங்க விளையாட்டுக்குச் சொல்றதையெல்லாம் பெருசாக்காதீங்க" என்று எழுந்து போய்விட்டார். அந்த விளையாட்டுக்குப் பயந்துதான் யோனாஸ் பள்ளிக்கே போகாமல் அறையில் முடங்கிக் கிடந்தான். பள்ளியை மாற்றுவதா என்று தீனா அப்பாவிடம் கேட்பதற்குள் அவர் போய்ச்சேர்ந்துவிட்டார்.

அந்த ஹார்ட்முட் இப்போது வரிசையில் நின்றார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வந்தாரோ! மண் போட்டுவிட்டு, பின்னால் நின்ற லியோ சித்தப்பாவிடம் மரியாதையாக மண்வெட்டியை நீட்டினார்.

"கையில குடுக்காதீங்க சார். துக்கம் கைமாறக் கூடாது. மண்ணுல குத்தி வைங்க," என்றார் சித்தப்பா.

வாசல் குழாயில் கை கழுவும்போது ஹார்ட்முட் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"என்ன சார், பசங்க விளையாட்டு முடிஞ்சுதா?" என்றாள் தீனா, முகத்தைப் பார்க்காமல்.

"நேத்து மறுபடி அந்த வார்த்தை வந்துச்சு. பாடத்தை நிறுத்திட்டேன்."

"நிறுத்தி?"

"வகுப்பே என்னைப் பாக்குது. அடுத்து என்ன சொல்றதுன்னு தெரியல. வெளிய வந்து உங்க அப்பாவுக்கு போன் போட்டேன். யாரும் எடுக்கல."

ஆஸ்பத்திரியில் வராத அழுகை தீனாவுக்கு அப்போது வந்தது. இந்த ஒரு போனுக்காகத்தானே அப்பா ஊரெல்லாம் அலைந்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க," என்றாள். "ஏழு நாள் துக்கம் இருப்போம், கதவு திறந்தே இருக்கும். நாங்க பேசுறவரை நீங்க பேசக் கூடாது, அதுதான் வழக்கம்."

வந்தார். துக்கத்துக்கான குட்டை முக்காலியில் தீனா உட்கார்ந்திருந்தாள். அவருக்கு என்ன சொல்வதென்று அவளுக்கும் தெரியவில்லை. அப்பாவுக்குத்தான் தெரியும்.

அறைக்கதவு திறந்தது. யோனாஸ் ஒரு நாற்காலியை இழுத்து வந்து ஹார்ட்முட்டுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான்.

"நான்தான் அதைச் சொன்ன பையன்னு வச்சுக்கோங்க சார். இப்ப என்ன சொல்வீங்க?"

ஹார்ட்முட் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.