லென்ஸ் மேல் போட்ட பழி

வாரத்தில் முப்பத்தெட்டு மணி நேரம் எனக்குச் சொந்தம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஞாயிறு இரவு எட்டு மணிக்கு முடியும். மற்ற நாட்களில் ஒரு கண் மருத்துவமனையில் கண்களைப் படம் எடுக்கிறேன். ஜன்னல் இல்லாத அறை. வருகிறவர் தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி உட்கார வேண்டும். "இமைக்காதீங்க. உள்ளே பச்சைக் குறி தெரியும், அதையே பாருங்க" என்பேன். ஒரு மின்னல். விழித்திரை ஆரஞ்சு நிறத்தில், ரத்தக் குழாய்கள் கிளை விரிக்க, கணினியில் வந்து நிற்கும். இயற்பியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை.

விடுமுறையில் கேமராவை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவேன். மனிதர்களை எடுக்கக் கூச்சம். அதனால் கட்டடங்கள். மாடி வரிசைகள், தண்ணீர்க் குழாய்கள், ஒரே மாதிரி நூறு ஜன்னல்கள். கட்டடங்கள் "எதுக்கு எடுக்கற?" என்று கேட்பதில்லை.

"வாரம் பூரா கேமரா, லீவுலயும் கேமராவா?" என்பார் என்னோடு வேலை செய்யும் சீனியர். "கசாப்புக்கடைக்காரன்கூட லீவு நாள்ல கத்தியைத் தொட மாட்டான்."

ஞாயிறு மாலை படங்களை மடிக்கணினியில் ஏற்றி அம்மாவிடம் காட்டுவேன். வீட்டில் நாங்கள் இருவர்தான். அக்கா கல்யாணமாகி ஊரின் மறு கோடியில் இருக்கிறாள். அம்மா முப்பது வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சோதனை மேசையில் இருந்தவள். காலர் ஒரு நூல் கோணினாலும் சட்டை திரும்பிப் போய்விடும். தைக்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ஸ்கேல்'. ஓய்வு பெற்ற பிறகு அந்த ஸ்கேல் என் படங்களின் மேல் திரும்பியது.

"இந்த ஜன்னல் மட்டும் சாஞ்சிருக்கு பாரு" என்பாள்.

இன்னொரு படத்துக்கு, "நீ சாஞ்சு நின்னு எடுத்திருக்க. கட்டடத்துக்கு ஒண்ணும் இல்ல."

என் புகைப்படக் குழுவில் யாரும் இவ்வளவு கறாராகப் பார்த்ததில்லை. அவள் சொன்னதைத் திருத்தித்தான் எந்தப் படத்தையும் வெளியே காட்டுவேன்.

பத்து மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு. பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றை நேர் எதிரே நின்று எடுத்திருந்தேன். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இது ஏன்டி நடுவுல வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது? கட்டடமா, புள்ளத்தாச்சியா?"

நான் சிரித்தேன். எனக்குத் தெரியாததை அவள் பார்த்துவிட்டாள் என்று பெருமையாகவும் இருந்தது. அகலமாகப் பார்க்கும் லென்ஸ் நேர்கோட்டைக் கொஞ்சம் வளைக்கும். அதை விளக்க ஒரு தாளில் கட்டங்கள் வரைந்து காட்டினேன்.

"இதுதான் நிஜம். லென்ஸ் வழியா வரும்போது நடுவுல உப்பிடும்."

"நிஜத்தையே கோணலாத்தான் போட்டிருக்க. ஸ்கேல் வச்சுப் போடுறதுக்கென்ன?"

ஸ்கேல் வைத்துத்தான் போட்டிருந்தேன். வழக்கமான கிண்டல் என்று நினைத்துத் தாளைக் கசக்கிப் போட்டேன்.

மருத்துவமனையில் என் அறையின் கதவில் அதே போன்ற கட்டங்கள் அச்சிட்ட அட்டை ஒன்று ஒட்டியிருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், கோடுகள் வளைந்து தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்று அதன் கீழே போட்டிருக்கும். வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுவில் நீர் கசிந்தால் முதலில் வளைவது நேர்கோடுகள்தான். நான் அந்தக் கதவைத் தினமும் இருபது முறை திறந்து மூடுகிறேன்.

அந்த வாரம் முழுக்கக் கணினியில் கோடுகளை நிமிர்த்தினேன். அடுத்த ஞாயிறு அம்மா பார்த்துவிட்டு, "இன்னும் இருக்கு" என்றாள். என் கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. ஆனாலும் ஸ்கேல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். குழுவில் முக்காலி அண்ணனிடம் கேட்டேன். பால் வாங்கப் போனாலும் கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறவர் அவர்.

"உன் லென்ஸ் அரதப் பழசும்மா. அதை மூட்டை கட்டி வை. உங்கம்மா கண்ணு இருக்கே, அதைக் குழுவுக்குத் தலைவராப் போடலாம்."

புது லென்ஸ் வாங்கினேன். அதில் எடுத்த முதல் படங்களை அம்மா வெகுநேரம் பார்த்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, பிறகு இன்னும் சாய்த்துப் பார்த்தாள். என் முகம் அப்போது எப்படி இருந்ததோ தெரியாது. ஒரு குறையும் சொல்லிவிடாதே என்று கெஞ்சியிருக்கும்.

"இப்ப நல்லா இருக்கு" என்றாள்.

அதன் பிறகு எல்லாமே நல்லா இருந்தது. எந்தப் படத்தைக் காட்டினாலும் வெளிச்சம் நல்லா இருக்கு, வானம் நல்லா இருக்கு. நான் தேறிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் கணினியை அவள் முன்னால் வைப்பதையும் விட்டுவிட்டேன். குறையே சொல்லாதவளிடம் எதற்குக் காட்டுவது?

போன வாரம் அக்கா தொலைபேசியில் சண்டை பிடித்தாள்.

"ஊர்ல இருக்கற சுவரையெல்லாம் எடுக்கற. பெத்தவளை ஒரு படம் எடுக்க உனக்கு நேரமில்ல. என் வீட்டுல மாட்ட அம்மா படம் ஒண்ணு உருப்படியா இருக்கா?"

ஞாயிறு காலை அம்மாவை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தேன். பக்கவாட்டு வெளிச்சம், பின்னால் வெறும் சுவர். அம்மா தலை வாரி, புது உடுப்பு மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"கேமராவைப் பாரும்மா."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இங்க. என் விரலைப் பாரு. எங்கயோ பாக்கற."

"உன் விரலைத்தான்டி பாக்கறேன். கேமராவைப் பிடிச்சா உனக்கு அதிகாரம் வந்துடுது."

மனிதர்களை எடுத்துப் பழக்கமில்லாத எரிச்சலில் நானும் குரலை உயர்த்தினேன். "நேராப் பார்க்கக்கூடத் தெரியாதா?" என்று கேட்டேன். அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முகம் எடுத்தால் கண்ணில் கூர்மை இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது வழக்கம். பெரிதாக்கினேன். இமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இரண்டு கண்மணிகளும் என் தோளுக்கு மேலே, சற்று வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அடுத்த படத்திலும் அதே இடம். அதற்கடுத்ததிலும். கவனம் சிதறுகிறவர்களின் பார்வை படத்துக்குப் படம் மாறும். ஒரே அளவு விலகி இருந்தால் அது வேறு. நடுப்பார்வை போனவர்கள் ஓரத்தால் பார்க்கப் பழகிவிடுவார்கள். என் நாற்காலிக்கு எதிரே தினமும் அப்படி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். அவர்களைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிடும்.

அம்மா அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திருப்பி நிற்க வைத்து அவளுடைய இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன்.

"என்னடி விளையாட்டு, கையெல்லாம் சோப்பு."

"என் முகம் தெரியுதா?"

"தெரியாம என்ன? ரெண்டு காதும் தெரியுது. கழுத்து தெரியுது."

"மூக்கு?"

"மூக்குக்கு என்ன, இருந்த இடத்துலதான் இருக்கும்."

"அம்மா, தெரியுதா இல்லையா?"

அம்மா தலையைச் சாய்த்தாள். பிறகு மெல்ல, "அங்க ஒரு கறை மாதிரி இருக்கு" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. நீதான் லென்ஸ் கோளாறுன்னு சொன்ன. கதவுநிலைகூட வளைஞ்சுதான் தெரிஞ்சுது. என் மூக்குக்கண்ணாடியும் லென்ஸ்தானே, உன்னுது மாதிரி அதுவும் பழசாயிடுச்சுன்னு நினைச்சேன். நீ கண்ணாஸ்பத்திரியில இருக்கறவ. உனக்குத் தெரியாததா?"

நான் அவள் கண்ணிலிருந்து கையை எடுத்தேன்.

அன்று மாலை அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"வாத்தியார் பிள்ளை மக்குன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். பிறகு அழுதாள். "வயசானா வர்றதுதானே? இப்ப தெரிஞ்சதும் நல்லதுக்குத்தான். இல்ல?"

"ம்" என்றேன். கட்டடத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு நோயாளிகள் வரும் வாசல் வழியாகப் போனேன். சொட்டு மருந்து விட்டு அரைமணி காத்திருந்தோம். சீனியர் என் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நான் எடுக்கறேன். நீ வெளிய உட்காரு."

"இல்ல, நானே எடுக்கறேன்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அம்மா தாடையைத் தாங்கியில் வைத்தாள். அவளுக்கு உயரம் போதவில்லை. மேசையை இறக்கினேன்.

"உள்ளே பச்சைக் குறி தெரியும். அதையே பாருங்க" என்றேன். வாய்ப் பழக்கத்தில் 'பாருங்க' என்றே வந்தது.

"எங்கடி இருக்கு?"

"நடுவுல."

"நடுவுல ஒண்ணும் இல்லையே."

சீனியர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கண் ஓரிடத்தில் நிற்காமல் தேடியது. நான்காவது முறைதான் படம் கிடைத்தது. வலது கண்ணின் நடுவில், ஆரஞ்சுக்குப் பதில், காய்ந்த கஞ்சி போல வெளுத்த ஒரு திட்டு. இடது கண்ணையும் எடுத்தேன். அங்கே திட்டு இல்லை. ஆனால் நடுப்பகுதி உப்பியிருந்தது.

"என்ன தெரியுது?" என்றாள் அம்மா, தாடையை எடுக்காமலே.

படம் எடுக்கிறவர்கள் படத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. அங்கே அதுதான் முதல் பாடம். மூன்று வருடமாக எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லி வருகிறேன். பேசாமல் இருக்க இப்படி ஒரு விதி இருப்பது எனக்கு எப்போதும் வசதியாகவே இருந்திருக்கிறது.

"டாக்டர் சொல்லுவாங்க" என்றேன்.

டாக்டர் நல்ல மனிதர். நிதானமாகப் பேசினார். "வலது கண்ல தழும்பு விழுந்துடுச்சும்மா. அது இனி அப்படித்தான். இடது கண்ல நீர் கோத்திருக்கு, தழும்பு இன்னும் விழல. மாசம் ஒரு ஊசி போட்டு அதைப் பிடிச்சு நிறுத்தப் பாக்கலாம்."

"கண்ணுலயா ஊசி?" என்றாள் அம்மா.

"வலிக்காது. மரத்துப்போக மருந்து விட்டுடுவோம்."

"முப்பது வருஷம் ஊசியோட வேலை பாத்தவ, எனக்கென்ன பயம்" என்றாள். டாக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "டாக்டர், நான் முதல்லயே வந்திருந்தா?"

டாக்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். "இப்ப வந்துட்டீங்கல்ல. அதைப் பத்தி இனி யோசிக்காதீங்க" என்று சொல்லி மணியை அழுத்தினார்.

முதல் ஊசி மறுநாள் என்று குறித்துக் கொடுத்தார்கள். வெளியே வெயில் கண்ணைக் குத்தும் என்று அம்மாவுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டேன். பேருந்து நிறுத்தத்தில் பலகை காலியாக இருந்தது. உட்கார்ந்தோம். எதிரே ஒரு புது அலுவலகக் கட்டடம். அதன் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

"டாக்டர் மழுப்பிட்டாரு" என்றாள் அம்மா.

"அவருக்கு நிறைய பேரு காத்திருந்தாங்கம்மா."

"சோதனை மேசையில நானும் இருந்தவதான். சட்டை கெட்டுப்போனா, எந்த மிஷின்ல எப்ப கெட்டுச்சுன்னு கேப்பேன். மழுப்புறவன் முகம் எனக்குத் தெரியும். இப்ப முகம் தெரியலன்னாலும் குரல் தெரியுது."

ஒரு பேருந்து வந்து நின்றது. எங்களுடையது இல்லை. போனது.

"நீ தினமும் இந்தக் கண்ணையெல்லாம் பாக்கறவ. நீ சொல்லு."

"படம் எடுக்கறவங்க சொல்லக்கூடாதும்மா."

"இன்னிக்கு நீ லீவு."

அம்மா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடி என் காதுப் பக்கம் திரும்பியிருந்தது. ஓரத்தால் என் முகத்தைப் பார்க்க முயல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கு வசதியாக முகத்தைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

"பத்து மாசத்துக்கு முன்னாடி, அந்தக் கட்டடத்தைப் பாத்தப்பவே வந்திருந்தா," என்றாள், "இந்தக் கண்ணு?"

"காப்பாத்தியிருக்கலாம்மா" என்றேன்.