டோக்கன் 214 உள்ளே

பழைய சிஸ்டத்துக்குச் செத்தவர்களைத் தெரியும். புதுசுக்குத் தெரியாது. மெட்ராஸிலிருந்து வந்து மாற்றிவிட்டுப் போன எஞ்சினியர் இதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

1988. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை. அதன் சுண்ணாம்புக்கல் சுரங்க வாசலில் டைம் ஆபீஸ். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இரவு ஷிப்டு பார்த்தேன். இறங்குகிறவன் வாசல் மிஷினில் தன் டோக்கன் நம்பர் போட்ட அட்டையைச் செருக வேண்டும். பீப் என்று கத்தும். ஏறி வரும்போதும் அப்படியே, அதற்குத் தனித் துளை. உள்ளே எத்தனை பேர் என்று என் திரையில் தெரியும். காலையில் ஷிப்டு முடிந்து எண்ணிக்கை பூஜ்யமானதும் வெடி வைக்கும் சிவசுப்பிரமணியனுக்கு போன் செய்வேன். முதல் சங்குக்கு எல்லாரும் ஒதுங்க வேண்டும். இரண்டாவது சங்குக்கு வெடி.

புது சிஸ்டம் வந்த மறுநாள் எண்ணிக்கை ஒன்றில் நின்றது. 214, உத்திராபதி, உள்ளே.

உத்திராபதி சில வருஷங்களுக்கு முன் அதே பள்ளத்தில் வெடியில் செத்தவர். அன்றைக்கு அட்டை செருகி இறங்கினார், ஏறி வரவில்லை. பழைய சிஸ்டத்தில் 'இறந்தார்' என்று குறி போட வசதி இருந்தது. போட்டிருந்தோம். புதியதில் அது இல்லை. குறி அழிந்ததும் மனுஷன் மறுபடி உள்ளே.

எஞ்சினியருக்கு டிரங்க் கால் போட்டேன்.

"அதெல்லாம் எடுத்துட்டாங்கப்பா. டோக்கனுக்குப் பின்னால எழுத்து போடுறதும் இனிமே கிடையாது, நம்பர் மட்டும்தான். ஒண்ணு காட்டுனா பூஜ்யம்னு வச்சுக்க."

வைத்துக்கொண்டோம். சுரங்கத்து ஆட்கள் தங்கள் வழியில் வைத்துக்கொண்டார்கள். பள்ளத்து விளிம்பில் ஒரு கட்டு பீடியும் ஒரு கிளாஸ் டீயும் வைத்து, "உத்திராபதி, ஒதுங்கிக்கய்யா" என்று கத்திவிட்டுத்தான் சங்கு ஊதுவார்கள். சிவசுப்பிரமணியன் போனில் "எத்தன?" என்பார். "ஒண்ணு" என்பேன். "நம்ம ஆளுதான்" என்று வைத்துவிடுவார்.

உத்திராபதியின் மகன் செல்லப்பன் வாரிசு வேலையில் மூட்டை கட்டும் பிரிவில் இருந்தான். அப்பாவின் டோக்கன்தான் வேண்டும் என்று அவன் அம்மா கொளஞ்சியம்மாள் நின்று வாங்கியது: 214 ஏ. மகன் சுரங்கத்தில் இறங்கக் கூடாது என்பதும் அவள் போட்ட கண்டிஷன்.

ஒரு நாள் காலை ஆட்கள் எல்லாரும் ஏறிவிட்டார்கள். திரையில் ஒன்று. போன் செய்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். வாசல் மிஷின் பீப் என்றது.

திரும்பினேன். ஒன்று. எண்ணிக்கை மாறவில்லை. வாசலில் யாரும் இல்லை.

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் ஜன்னலுக்குப் போகச் சற்று நேரம் பிடித்தது. வேலியில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. கேரியரில் சாக்கு மடித்துக் கட்டிய, செல்லப்பனின் சைக்கிள்.

எழுத்து இனிமே கிடையாது. 214 ஏ இறங்கினாலும் 214தான். 214 ஏற்கனவே உள்ளே.

முதல் சங்கு ஊதியது. போனை எடுத்துச் சுழற்றினேன்.

"அண்ணே, நிறுத்துங்க. உள்ள ஆளு இருக்கு."

"எத்தன காட்டுது?"

"ஒண்ணு."

"அட, பீடி வச்சாச்சுப்பா. தூக்கக் கலக்கமா?"

"ஒண்ணு இல்லண்ணே, ரெண்டு. செல்லப்பன் எறங்கிட்டான்."

"ரெண்டு பேருன்னா ரெண்டு காட்டணும்ல?"

"காட்டாது. அப்பனும் மவனும் அதுக்கு ஒரே ஆளு. இப்ப வெடிச்சீங்க, நாளையிலேர்ந்து ரெண்டு கிளாஸ் டீ வைக்கணும்."

இரண்டாவது சங்கு ஊதவில்லை.

வெகுநேரம் கழித்துச் செல்லப்பன் ஏறி வந்தான். முழங்கால்வரை வெள்ளைத் தூசி. கையில் டீ கிளாஸ்.

"அறிவு இருக்காடா? சங்கு கேக்கல?"

"கேட்டுச்சுண்ணே. இன்னிக்கு அப்பாவுக்குத் திதி. மேல வச்சா அவரு எப்படி ஏறி வந்து குடிப்பாரு? இருக்குற எடத்துலயே குடுத்துட்டு, வூட்டுக்கு வாங்கன்னு கூப்புட்டேன்."

கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினான். காலி. அட்டையைச் செருகினான். பீப்.

திரையில் பூஜ்யம்.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. மகன் ஏறினால் அப்பனும் ஏறியதாகத்தான் அந்த மிஷின் எடுத்துக்கொள்ளும். போன் அடித்தது.

"இப்ப எத்தன?"

"பூஜ்யம்."

சிவசுப்பிரமணியன் மெதுவாகக் கேட்டார்: "அவரு எங்கப்பா போனாரு?"

ஜன்னல் வழியே செல்லப்பன் வீட்டுக்குப் போகும் விக்கிரமங்கலம் ரோடு தெரிந்தது. மேடு இல்லாத ரோடு, எதிர்க்காற்றும் இல்லை. செல்லப்பன் சீட்டிலிருந்து எழுந்து நின்று, திணறித் திணறி மிதித்துக்கொண்டு போனான். கேரியரில் சாக்கு மட்டும்தான். ஆனாலும் பின் டயர் தரையோடு அமுங்கியிருந்தது.

"உள்ள யாரும் இல்லண்ணே," என்றேன். "வெடிங்க."