சில்லுகளின் ஒற்றுமை

பனிச்சங்கேணி யோசேப்பின் மகன் பிலிப்பு வலது காலில் மட்டும் சப்பாத்து அணிகிறவன். இடது கால் எப்போதும் வெறுங்கால். முதன்முறை காண்போர், மற்றைச் சப்பாத்து எங்கோ தொலைந்துபோயிற்று என்று எண்ணி இரக்கப்படுவதுண்டு. அது தொலையவில்லை. அவன் வீட்டுக் கூரை இறவாணத்தில் பத்திரமாகத் தொங்கியது. அவன் மனைவி செசீலியாவின் சாம்பல்நிறப் பெட்டைக் கோழி அதற்குள் முட்டையிட்டு வந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் விட்டுப்போன பொருள்களில் வாங்கிய சோடி அது. ஏன் இப்படி என்று கேட்டால், "கிளச்ச வெறுங்காலால மிதிச்சாத்தான் மெசின் என்ன நினைக்குது எண்டு தெரியும். மற்றக் காலுக்குத் தெரிய ஒண்ணுமில்ல, பாரம்தான் வேணும்" என்பான். தான் ஓட்டும் உழவு இயந்திரத்தில் ஏறுமுன் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்வதும், அதன் முகப்பில் இருமுறை தட்டி "வாங்க, போவம்" என்று மரியாதையாக அழைப்பதும் அவனுடைய மற்றைய வழக்கங்கள்.

வலது காற் பாரம் வேண்டியிருந்தது குதிகாலருகே இருந்த ஒரு சிறு மிதிகட்டைக்காக. உழவு இயந்திரத்தின் பின்சில்லுகள் இரண்டும் இயல்பிலே தனித்தனிப் போக்குடையவை. வளைவிலே வெளிச்சில்லு விரைந்தும் உட்சில்லு மெல்லவும் உருளும். ஆனால் ஒரு சில்லு சேற்றில் புதைந்துவிட்டால் அந்தச் சுதந்திரமே வினையாகும். புதைந்தது வீணே சுழல, மேட்டில் நிற்பது வேடிக்கை பார்க்கும். அப்போது அந்தக் கட்டையை மிதித்தால் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு இழுத்து வெளியேறும். வெளியேறியதும் காலை எடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதியைத்தான் பிலிப்பு மனத்தில் ஏற்றவில்லை. கிரான் வயல்வட்டையில் ஒருமுறை அவன் புதைந்து, கூலிக்குச் சூடடிக்கும் தங்கராசாவின் எருமைகள் இயந்திரத்தைக் கட்டி இழுத்து வெளியேற்றின. அந்த அவமானத்துக்குப் பின்னர் அவனுடைய சப்பாத்து அந்தக் கட்டையை விட்டு அகன்றதேயில்லை. திரும்பும் இடங்களில் மட்டும், மனமில்லாமல், சற்றே தூக்குவான்.

அவ்வாண்டு பெரும்போக அறுவடை முடிந்து, நிலக்காரரான சித்தாண்டி வினாயகமூர்த்திப் போடியாரின் கதிர்க்கட்டுகள் நெல் மிதிக்கும் களவெட்டியருகே பெரிய சூடாகக் குவிந்து கிடந்தன. காலந்தப்பிய மழை ஒன்று வாவிப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. போடியார் பிலிப்பை அழைத்துச் சொன்னார்:

"இந்தச் சூட்ட நனையாம மிதிச்சித் தந்தியெண்டா வாற போகமும் நீதான். இல்லாட்டி மறுகா தங்கராசாட எருமைதான்."

இதைக் களத்துக்கு வெளியே நின்றுதான் அவர் சொன்னார். களத்தைச் சுற்றி வைக்கோலைத் திரித்த புரி இட்டாயிற்றென்றால், அதற்குள்ளே அவர் வேறு மனிதர். 'இல்லை', 'முடிந்தது', 'குறைந்தது', 'உடைந்தது' முதலிய சொற்கள் புரிக்குள் நுழையலாகா. நெல்லைக்கூடப் 'பொலி' என்றே சொல்லவேண்டும். தீய சொல் கேட்டால் பொலி சுருங்கிவிடும் என்பது அவர் உறுதியாகக் கடைப்பிடித்த வழக்கம். பெண்கள் புரியைத் தாண்டலாகாது என்பதும் அவ்வழக்கத்தின் ஒரு பகுதி.

மறுநாட் காலை பிலிப்பு சேறான வாய்க்கால் ஒன்றைக் கடந்து வந்தான். சப்பாத்துக் காலால் கட்டையை வழக்கத்தினும் ஓங்கி மிதித்தான். இயந்திரம் கம்பீரமாகக் கரையேறியது. பரப்பிவைத்த கதிரின்மேல் ஏறி வட்டமிடுவதற்காகச் சுக்கானை ஒடித்தான். முன்சில்லுகள் திரும்பின. இயந்திரம் திரும்பவில்லை. கதிரை உழுதுகொண்டு நேரே சென்று, புரியை அறுத்து, ஆளில்லாத காவற்குடிலை முகப்பால் எடுத்து அணிந்துகொண்டு, குளக்கரையில் வந்து நின்றது. குளத்திலே கிடந்த தங்கராசாவின் எருமைகள் தலை நிமிர்த்திப் பார்த்தன. அவற்றுள் சில கிரானில் அவனை இழுத்தவை.

பின்னோக்கி ஓட்டினான். நேரே போனது நேரே திரும்பி வந்தது.

கூலியாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு போடியாரைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடித் திறந்து, "மெசின் ஊர் பார்த்திட்டு வந்திருக்கு. நல்ல சகுனம்" என்றார். பின்பு ஓட்டமாவடி அசனாருக்கு ஆள் அனுப்பினார்.

அசனார் மெக்கானிக் சைக்கிளில் வந்து, புரியைத் தாண்டி உள்ளே நுழைந்தவுடனேயே, "என்ன போடியார், எது பழுது?" என்றார்.

"அந்தச் சொல்லு களத்துக்குள்ள வேணாம், அசனார்."

"அப்ப என்னெண்டு கேக்கிற?"

"நல்லதாக் கேளுங்க."

அசனார் சற்று யோசித்தார். "சரி. மெசின் என்ன நல்ல காரியம் செய்யிது?"

"நேரா நடக்குது. வலப்பக்கம் இடப்பக்கம் எண்டு பாராத நேர்மை."

"பின்சில்லு?"

"ரெண்டு சில்லும் நல்ல ஒற்றுமை."

அசனாரின் முகம் மலர்ந்தது. "வெளங்கிச்சி. ஒற்றுமை கொஞ்சம் கூடிப்போச்சி. கொறைக்கோணும்."

"கொறைக்க எண்டு சொல்லாதங்க!" என்று போடியார் இரு காதுகளையும் பொத்தினார்.

வலப்பக்கச் சில்லை முட்டுக்கொடுத்து உயர்த்தி, இருவர் அதை முன்னும் பின்னும் அசைக்க, அசனார் கீழே படுத்துக்கொண்டு மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டினார். கட்டை கீழ்நோக்கி வளைந்திருந்தது. அதன் அச்சைச் சுற்றிச் சேறு காய்ந்து கல்லாய் இறுகியிருந்தது. நெடுநேரத்தின் பின் உள்ளே 'டொக்' என்று ஓர் ஒலி கேட்டது. உயர்த்திய சில்லு தனியே, இலேசாகச் சுழன்றது. அசனார் வெளியே வந்து, கட்டையை மேலே இழுத்து வைத்திருக்கவேண்டிய சுருள்வில்லை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். களத்து வழக்கத்தை அவர் அதற்குள் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார்.

"இது ரெண்டாப் பெருகி இரிக்கி, போடியார்."

அதற்கு ஈடாக, போடியாரின் புதுச் சைக்கிளின் தாங்கியிலிருந்த சுருள்வில் பொருந்தும் என்று கண்டார். அந்தச் சைக்கிளைப் போடியார் ஏறி ஓட்டியதைவிடத் துடைத்ததே அதிகம். மறுக்க வாயெடுத்தார், 'தரமாட்டேன்' என்பதும் களத்துக்கு ஆகாத சொல் என்பது நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டார். சைக்கிள் வரம்பில் சாய்ந்து படுத்தது.

கட்டையை நிமிர்த்தி வில்லைப் பூட்டியபின், "இதுல ஆரோ கனகாலமாப் பாரம் வெச்சிக்கிட்டே..." என்று தொடங்கிய அசனார், பிலிப்பின் வலது காலைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். பிலிப்பு வானத்தைப் பார்த்தான்.

"களத்துக்குள்ள ஆரையும் குத்தம் சொல்லப்படாது" என்றார் போடியார், பல்லைக் கடித்துக்கொண்டு. "பொலி சாக்குக்குள்ள ஏறட்டும். மறுகா பாப்பம்."

அந்த நேரத்தில் சோற்றுப் பெட்டியோடு வந்திருந்த போடியாரின் மனைவி சின்னத்தங்கம், புரிக்கு ஒரு சாண் வெளியே நின்று குரலெடுத்தாள்: "நான் வெளியதானே நிக்கிறன், எனக்கென்ன! மெசினும் பழுது, காவற்குடிலும் உடைஞ்சி போச்சி, மழையும் வருகுது! பிலிப்புத் தம்பி, எல்லாம் உன்ட சப்பாத்தால!"

"என்னகா, வாய மூடன்!" என்று போடியார் உறுமினார்.

வரம்பில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த தங்கராசா, "என்ட எருமைக்கும் குதிக்கால் கிடக்கு. நான் சப்பாத்துப் போட்டு விடுறல்ல" என்றான்.

இயந்திரத்தின் இரைச்சலில் எதுவும் விழாதவன்போலப் பிலிப்பு வட்டமிடத் தொடங்கினான். இப்போது அது அழகாகக் கிறுகித் திரும்பியது. சப்பாத்துக் காலைக் கட்டையின்மீது வையாமல் அந்தரத்திலே பிடித்திருந்தான், தொடை நடுங்கியது. மணிகள் உதிர்ந்தன. பிற்பகலுக்குள் கதிரில் ஒரு மணியும் எஞ்சவில்லை. ஆயினும் பிலிப்பு நிறுத்தவில்லை. சுற்றிக்கொண்டிருக்கும்வரையில் களம் களமாகவே இருக்கும். களம் இருக்கும்வரையில் அவனை ஒருவரும் ஒன்றும் சொல்லவியலாது என்பதை அவன் இரண்டாம் மிதிப்பிலேயே கணக்கிட்டுவிட்டான்.

போடியாருக்கோ 'போதும்' என்று சொல்ல வழியில்லை. 'நிறுத்து' என்றும் சொல்ல வழியில்லை. "பொலி நிறைஞ்சிது தம்பி! நல்லா நிறைஞ்சிது!" என்று கைகளை விரித்து இயந்திரத்தின் பின்னாலேயே ஓடினார். பிலிப்பு தலையசைத்துச் சிரித்து இன்னொரு வட்டம் போட்டான். வைக்கோல் தூளாகிப் பறந்தது. வாவிப் பக்கம் இருண்டு, குளிர்ந்த காற்று ஒன்று களத்தில் புகுந்தது. மழை என்று சொல்லவும் முடியாமல், கூலியாட்கள் வெறுஞ்சாக்குகளை மார்போடணைத்தபடி, மேலே ஒருமுறையும் பிலிப்பை ஒருமுறையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வளைவில் போடியாரின் முகம் அவன் கண்ணில் பட்டது. அதிலே கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தான், இருந்தது பயம்.

பிலிப்பு இயந்திரத்தை நிறுத்தினான்.

 தூற்றுவதைப் பின்னர் பார்ப்பதென்று, பதரோடு பதராகப் பொலியைச் சாக்குகளில் அள்ளினார்கள். பிலிப்பும் அள்ளினான், புரிக்கு வெளியே நின்று தங்கராசாவும் சாக்கு வாய்களைப் பிடித்துக் கட்டினான். கடைசிச் சாக்கை இழுபெட்டியில் ஏற்றிப் படங்குச் சீலையால் மூடியபோது முதல் துளி விழுந்தது. போடியார் புரியைத் தாண்டி வெளியே வந்து, தொண்டையைச் செருமினார்.

பிலிப்பு அதற்கு முன்னரே வெளியே வந்து வரம்பில் அமர்ந்திருந்தான். சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்துக் காலை உருவியெடுத்தான். ஆண்டாண்டாய் வெயில் காணாத அந்தப் பாதம், மற்றைக் கறுத்த பாதத்தின் அருகே, வேறு யாரோ ஒருவருடையதுபோல வெளிறிக் கிடந்தது. அதன்மீது மழைத்துளிகள் விழுந்தன. அவன் கால்விரல்களை ஒருமுறை அசைத்துப் பார்த்தான்.

"கட்டையக் கெடுத்தது நான்தான், போடியார்" என்றான். "எருமையோ மெசினோ, அத நீங்க பாருங்க. நான் இனி ரெண்டு காலும் வெறுங்காலாத்தான் ஏறுவன்."