கணிதம், தடித்த எழுத்து, எம்

நாற்பத்தொன்றாம் எண் கடையைக் கொனாடுவின் தலையில் கட்டிவிட்டார்கள். சாக்கடையை ஒட்டிய கடைசி மூலை. அங்கே உட்கார்ந்து புகைமீன் விற்பதும் மொட்டைத்தலைக்காரனிடம் சீப்பு விற்பதும் ஒன்றுதான். பதினெட்டு வருஷமாக அவள், குமாசி நகரத்துக்குப் போகும் வண்டிகள் நிற்கும் சாலையோரத்தில் மீன் விற்றவள். கண் தெரியாது. ஆனால் எந்த மீன் பக்குவமாகப் புகைந்தது, எது பச்சையாக இருக்கிறது என்று விரல் பட்டதுமே சொல்லிவிடுவாள்.

சந்தையின் புதுக் கொட்டகையில் யாருக்கு எந்தக் கடை என்று முந்தின நாள் கலயத்தில் சீட்டுப் போட்டு எடுத்திருக்கிறார்கள். நாற்பது பெண்கள் வந்து எடுத்துப் போனார்கள். மிஞ்சிய சீட்டு, வராதவளுக்கு.

மீன்காரிகள் சங்கச் செயலாளர் ஃபிலோமினாவிடம் நேரே போய் நின்றாள் கொனாடு.

"மேடம், நேத்து சீட்டு எடுத்தீங்களாமே. எனக்கு ஏன் சொல்லல?"

"குரூப்ல போட்டேனே அக்கா. எவ்ளோ அழகாப் போட்டேன் தெரியுமா."

அழகுதான் வினையே. ஃபிலோமினாவுக்குச் சாதாரண எழுத்து கையில் ஒட்டாது. கணக்குப் பாடத்துக்கென்று யாரோ செய்து வைத்த கொழுத்த எழுத்து, சுருண்ட எழுத்து, கொம்பு முளைத்த எழுத்து எல்லாவற்றையும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவாள். விடிந்தால் ஒரு ஜெபம், அதே எழுத்தில். கொனாடுவின் போன் வந்ததைப் படித்துக் காட்டும் போன். இந்த எழுத்தைக் கண்டால் மட்டும் அதற்குப் பேய் பிடித்துவிடும். மூன்று எழுத்து கேட்டதுமே, இன்றைக்கும் ஜெபம்தான் என்று அவள் அணைத்துவிடுவாள். சீட்டு அறிவிப்பையும் அப்படித்தான் அணைத்திருக்கிறாள்.

"உங்க அழகு என் போனுக்கு ஏறாதுன்னு மூணு தடவ சொல்லிட்டேன்."

"சும்மா எழுதினா யார் பாக்குறா? சரி விடுங்க, இனிமே உங்களுக்கு மட்டும் நான் தனியா போன் பண்ணிச் சொல்லிடறேன். பாவம்."

கடை போனதுகூட அவ்வளவு எரியவில்லை, அந்தப் 'பாவம்' எரிந்தது. கொனாடு கோலைத் தட்டிக்கொண்டு சந்தை நடுவே இருக்கும் தகவல் அறைக்கு நடந்தாள். அங்கே பெடியாகோ காலையிலிருந்து சாவு அறிவிப்பும் மூட்டுவலித் தைல விளம்பரமும் வாசித்துக்கொண்டிருப்பான். கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி.

"என்னக்கா, ஆடு காணாமப் போச்சா?"

"கடை காணாமப் போச்சு. மைக்கக் கொஞ்சம் குடு."

சீட்டு அறிவிப்பைத் தொட்டு, போனை மைக்கின் வாயில் வைத்தாள்.

"கணிதம், தடித்த சாய்வு, பெரிய எழுத்து, எம். கணிதம், தடித்த சாய்வு, பெரிய எழுத்து, ஏ. கணிதம், தடித்த சாய்வு, பெரிய எழுத்து, ஆர்."

சந்தை சிரித்தது. "பள்ளிக்கூடம் இங்க மாத்திட்டாங்களா?" என்று தக்காளிக்காரி கத்தினாள். போன் நிற்கவில்லை. ஐந்து நிமிஷமாயிற்று, இன்னும் முதல் வரி தாண்டவில்லை. சிரிப்பு தானாக ஓய்ந்தது. மீன் வரிசைப் பெண்கள் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். நேற்று தாங்கள் பார்த்த அதே அறிவிப்பு.

ஃபிலோமினா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "நிறுத்துங்க அக்கா, மானம் போகுது."

"உங்க அறிவிப்புதானே மேடம். இன்னும் தேதியே வரல. நான் தினம் பொறுத்துக்கறேன், நீங்க இன்னைக்கு ஒருநாள் பொறுங்க."

அதற்குள் மீன் ராணி வந்துவிட்டாள். அந்த வரிசையில் அவள் வைத்ததுதான் சட்டம்; எல்லாரும் அவளை மரியாதையாக 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இது என்ன பாஷைடி?"

"நம்ம சங்கத்து பாஷை, நானா. ஒரு வருஷமா எனக்கு இப்படித்தான் சேதி வருது."

மீன் ராணி கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "முன்னெல்லாம் நம்ம சந்தையில மணியடிச்சு சேதி சொல்றவன் வரிசை வரிசையாப் போகணும். ஒருத்தி காதுல விழலைன்னாலும் திரும்ப வந்து அடிக்கணும். காதுல விழாத மணி அடிக்காத மணிதான். சீட்டு மறுபடி எடுங்க."

சாலையோரக் கடையைப் பிடித்திருந்த அச்சியா குதித்தாள். "எனக்கு விழுந்தத நான் ஏன் குடுக்கணும், நானா? இவ எழுப்பின சத்தத்துக்கு முன்வரிசை குடுத்துடுவீங்களா?"

"எனக்கு யாரும் எதையும் குடுக்க வேணாம்," என்றாள் கொனாடு. "நாளைக்கும் அந்தச் சாக்கடைக் கடையே விழட்டும், வாயத் திறக்க மாட்டேன். ஆனா சீட்ட நான் எடுத்திருக்கணும். என் கையும் அந்தக் கலயத்துக்குள்ள போகணும்."

மீன் ராணி ஃபிலோமினாவைத் திரும்பிப் பார்த்தாள். "எழுதும்மா. எல்லாருக்கும் விளங்குற மாதிரி."

ஃபிலோமினா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, வெறும் எழுத்தில், பூவும் கொம்பும் இல்லாமல் தட்டினாள். நாற்பத்தொரு போன்கள் கிணுகிணுத்தன. பழக்க தோஷம், கொனாடுவின் பக்கம் சாய்ந்து, "அக்கா, நான் என்ன எழுதியிருக்கேன்னா..." என்று ஆரம்பித்தாள்.

கொனாடு கையைத் தூக்கித் தடுத்து, புதுச் சேதியைத் தொட்டாள். மைக் இன்னும் திறந்துதான் கிடந்தது. போன் ஒரே மூச்சில் சொல்லி முடித்தது: "நாளை காலை ஒன்பது மணிக்குச் சீட்டு மறுபடி எடுக்கப்படும். அனைவரும் வரவும்."

"வேணாம் மேடம்," என்றாள் கொனாடு. "நான் படிச்சிட்டேன்."